சிற்றூர்ச் சபையும் கணினியும்

ஒரு சிற்றூரில் குழந்தையொன்று பிறக்கின்றது. பெற்றோர் இன்னும் பெயர் சூட்டவில்லை. ஆயினும் பிறப்பைப் பதிந்தாக வேண்டும். இந்தியாவின் 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் பெயரின்றிப் பதியவும், பெயரைப் பின்னர் சேர்த்துக்கொள்ளவும் இடமளிக்கின்றது. இதனை அறியாத மென்பொருளாளர், பெயர் இல்லையேல் பதிவும் இல்லையென்று கணினியில் விதித்துவிட்டால் என்ன நேரும்? லிகிதர் ஏதேனும் ஒரு பெயரை இட்டு நிரப்புவார். அல்லது பெற்றோரைத் திருப்பியனுப்புவார். இரண்டும் அக்குழந்தைக்கு இழைக்கும் தீங்கேயாம்.

இத்துறையில் கேரள மாநிலத்தின் அனுபவம் நல்லதோர் எடுத்துக்காட்டு. அங்கு 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின்போது, மாநிலத் திட்ட நிதியில் நூற்றுக்கு 35 முதல் 40 வரையான பங்கை உள்ளூராட்சி மன்றங்களுக்கு அளிக்க முடிவாயிற்று. பணத்தோடு கணக்கும் வந்து சேர்ந்தது. சில லிகிதர்களையே கொண்ட பஞ்சாயத்து அலுவலகம் அச்சுமையைத் தாங்குவதெங்ஙனம்? இதற்கெனவே 1999இல் 'இன்பர்மேஷன் கேரளா மிஷன்' என்னும் அமைப்பு நிறுவப்பட்டது. திட்டங்களுக்குச் 'சுலேகா', பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளுக்குச் 'சேவனா', வரிக்குச் 'சஞ்சயா', கணக்குக்குச் 'சாங்கியா' என மென்பொருள்களை அது ஆக்கியளித்தது.

அத்துடன் பணி முடிந்துவிடவில்லை. வரி வீதம் மாறும், சட்டம் திருத்தப்படும், கணக்கு முறையும் மாறும். ஒவ்வொரு மாற்றமும் மென்பொருளில் இடம்பெற வேண்டும். பெருநகர சபை தனக்கென வல்லுநரை அமர்த்திக்கொள்ளலாம். சிற்றூர்ச் சபைக்கு அது அரிது. ஆதலின் மன்றங்களுக்குத் தொழினுட்ப உதவியாளர்கள் அனுப்பப்பட்டனர். லிகிதர் எங்கே தடுமாறுகின்றார் என்பதை அருகிலிருந்து காண்பவருக்கே மென்பொருளின் குறை புலப்படும்.

பின்னர் இச்சேவைகளை ஒருங்கிணைக்கும் 'கே-ஸ்மார்ட்' என்னும் அமைப்பு 2024 ஜனவரி 1இல் நகரங்களிலும், 2025 ஏப்ரலில் கிராம பஞ்சாயத்துகளிலும் நடைமுறைக்கு வந்தது. அப்பஞ்சாயத்துகள் 941 ஆகும். மக்கள் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்க வழி பிறந்தது. ஆனால், கைபேசியைக் கையாளத் தெரியாத மூதாட்டிக்கு இன்னும் அலுவலகமே கதி. அங்கே அவருக்கு உதவ ஒருவர் இல்லையேல், எத்துணை விரைவான கருவியிருந்தும் பயனில்லை.

ஆகவே, சபையொன்று மென்பொருளுக்குப் பணம் ஒதுக்கும்போதே, அதனை ஆண்டுதோறும் திருத்துவதற்கும், அதனைக் கையாளும் ஊழியரைப் பயிற்றுவதற்கும் ஒதுக்குதல் வேண்டும். பெயரிடப்படாத குழந்தையின் பிறப்பும் தடையின்றிப் பதியப்படுமாயின், அம்மென்பொருள் ஊருக்கு உதவுவதாகும்.