பத்தோடு பதினொன்று

(நம் சங்கத்தின் கூடுகை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "கிராமத்துப் பள்ளிக்கூடத்தைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார். "அண்ணே, நான் குடிநீர்க் குழாய் பதிக்கிறவன். அதைப் பத்தி வேணும்னா பேசறேன்" என்றேன். "அதைக் கேக்க யாருப்பா வருவாங்க?" என்று போனை வைத்துவிட்டார். ஆனாலும் பேச்சின் நடுவே ஒரு இடத்தில் குழாய் வரத்தான் போகிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"பத்தோடு பதினொண்ணு" என்று அலட்சியமாகச் சொல்வோம் இல்லையா? கூட்டத்தில் ஒருத்தன், பெரிசா ஒன்றுமில்லை என்று அர்த்தம். எங்கள் ஊரில் மட்டும் அதற்கு வேறு அர்த்தம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தோடு நின்றுவிடும். பதினொன்று அடுத்த ஊரில். நடுவில் எட்டு கிலோமீட்டர்.

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே போக வேண்டிய ஊர் எங்களுடையது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் குச்சிக்கிழங்குக் காடு. கிழங்கு அறுவடை சீசனில் சேகோ ஆலையின் புளித்த வாசனை வகுப்பறைக்குள் வந்து எங்களோடு உட்கார்ந்து பாடம் கேட்கும். பள்ளியில் ஆறு முதல் பத்து வரை. இரண்டு கட்டடம், ஒரு வேப்பமரம். லேப் என்று தனியாகக் கிடையாது. சோதனைக் குழாய்களும் காந்தமும் ஹெச்.எம். ரூம் பீரோவுக்குள் இருக்கும். இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு அவற்றைப் பார்த்திருக்கிறோம்.

ஒரு வருஷம் கணக்கு வாத்தியார் இல்லை. வீட்டுக்கு இருபது ரூபாய் வசூல் பண்ணி, பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஊர் அண்ணன் ஒருத்தரைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பேரில் அமர்த்தினார்கள். அந்த இருபது ரூபாய், கிழங்குத் தோல் சீவுகிற பெண்களின் முந்தானையிலிருந்து வந்தது. 'கிராமத்துப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை' என்று யாராவது மேடையில் பேசினால், எனக்கு அந்த முந்தானை முடிச்சுதான் ஞாபகம் வரும்.

அக்கறை இருந்தது. தைரியம்தான் இல்லை. பெற்றோர் கூட்டத்துக்கு ஆலையிலிருந்து நேராக வருவார் அம்மா. கையெல்லாம் மாவு. வாத்தியார் பெஞ்சைக் காட்டி, "உக்காருங்கம்மா" என்பார். "இருக்கட்டுங்க சார்" என்று கதவோரமே நின்றுகொள்வார். கைநாட்டு வைப்பதற்கு மட்டும் உள்ளே வருவார். மகன் படிக்கிற இடத்தில் உட்காரத் தனக்கு உரிமை இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அப்பா ரிக் வண்டியில் வேலை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகப் போர் போட்டுக்கொண்டு போவார்கள். மழைக்காலத்தில்தான் வீடு. கோடை என்றால் வேலை உச்சத்தில் இருக்கும். அதனால் பரீட்சை ரிசல்ட் வருகிற நேரத்தில் அப்பா எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. எங்கள் படிப்பைப் பற்றிய முடிவெல்லாம் எஸ்.டி.டி. பூத்தில்தான் நடந்தது.

எனக்கு ஒரு அக்கா. என்னைவிட இரண்டு வருஷம் மூத்தவர். 2003ல் பத்தாம் வகுப்பு எழுதினார். ஐந்நூற்றுக்கு 438. பள்ளியிலேயே முதல் மதிப்பெண். அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் பூத்துக்குப் போனோம். மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மா பயந்து பயந்து, "மேல படிக்கோணுங்குது" என்றார். அப்பா சொன்னது ரிசீவருக்கு வெளியேயும் கேட்டது: "நான் ஊர்ல இல்லாதப்ப, வயசுப் புள்ளைய எட்டு கிலோமீட்டர் அனுப்பிட்டு எனக்கு இங்க தூக்கம் வருமா?"

அவர் கெட்டவர் இல்லை. அந்த எட்டு கிலோமீட்டருக்குக் காலையில் ஒரு பஸ், சாயந்திரம் ஒரு பஸ். சாயந்திர பஸ் பல நாள் வராது. மாணவர்களுக்கு அரசாங்கம் இலவச பஸ் பாஸ் கொடுத்திருந்தது. எங்கள் ஊரில் பாஸ் இருந்தது, பஸ் இல்லை. அக்கா போனை வாங்கி, "சரிங்கப்பா" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் அம்மாவோடு கிழங்கு சீவப் போனார்.

இப்போது நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். எனக்கு அன்றைக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அக்கா வீட்டில் இருந்தால் தண்ணி தூக்குகிற வேலை எனக்கு இல்லை என்று.

இரண்டு வருஷம் கழித்து, 2005ல் நான் பத்தாவது முடித்தேன். 421. அக்காவைவிடப் பதினேழு மார்க் குறைவு. மறுபடி அதே பூத். ஆனால் இந்தத் தடவை எங்கள் தமிழய்யா தன் டி.வி.எஸ். ஐம்பதில் கூடவே வந்து, ரிசீவரை வாங்கி அப்பாவிடம் பேசினார். அந்த வருஷம் இன்னொன்றும் நடந்தது. 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், 2005-06ல் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாவது படிக்கிற எல்லாருக்கும் என்று விரிந்தது. "சைக்கிள் குடுக்கறாங்களாம். பையன்தானே, போயிட்டு வரட்டும்" என்றார் அப்பா.

அதோடு முடியவில்லை. நான் பிளஸ் டூ முடித்த 2007ல்தான் என்ஜினியரிங் நுழைவுத் தேர்வே ரத்தானது. அதற்கு முந்தின வருஷம் வரை நுழைவுத் தேர்வு மார்க்கும் கட்-ஆஃபில் சேரும். அதற்குக் கோச்சிங் போக டவுனில் தங்க வேண்டும். எங்கள் செட்டுக்குக் கணக்கு நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது, ஆக இருநூறுதான். அக்காவின் செயினை அடகு வைத்து, கவுன்சலிங் கடிதத்தைக் காட்டிப் பாதிக் கட்டணத்தில் பஸ் ஏறி, நானும் அப்பாவும் முதன்முதலாகச் சென்னை பார்த்தோம். கிண்டியில் கம்ப்யூட்டர் திரையில் நம் கருப்பூர்க் கல்லூரியின் பெயரைக் காட்டினார்கள். 1966லிருந்து இயங்குகிற கல்லூரி, வீட்டுக்குப் பக்கம். அப்பா என் காதில், "இதையே எடுத்துக்கடா, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துரலாம்" என்றார். அதுதான் நான் கல்லூரியைத் தேர்ந்தெடுத்த லட்சணம்.

அக்காவுக்கும் எனக்கும் நடுவே இருந்தது இரண்டே வருஷம். ஒரு சைக்கிள், ஒரு வாத்தியார், ஆண்பிள்ளை என்கிற ஒரு சலுகை. என் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று போட்டார்கள். அக்கா பெயருக்குப் பின்னால் வெறும் காற்புள்ளி. 438க்கும் 421க்கும் நடுவே நடந்த கணக்கு இது. எந்தக் கணக்கு வாத்தியாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

பள்ளிக்கூடம் ஏன் பத்தோடு நின்றது? மூத்த அண்ணன்மாருக்குத் தெரியும். அவர்கள் காலத்தில் பதினொன்றாவது வரை ஊர் ஹைஸ்கூலிலேயே எஸ்.எஸ்.எல்.சி. படித்துவிட்டு, கல்லூரியில் போய் பி.யூ.சி. படித்தார்கள். 1978ல் பிளஸ் டூ வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லா ஹைஸ்கூலும் மேல்நிலைப் பள்ளி ஆகிவிடவில்லை. ஆகாத பள்ளிகள் தம்மிடம் இருந்த பதினொன்றையும் விட்டுவிட்டுப் பத்தோடு நின்றன. எங்களுடையது பிறகு வந்த பள்ளி. இன்றைக்கும் பத்து வரைதான்.

வேடிக்கை என்னவென்றால், நான் சைக்கிள் மிதித்த அதே வருஷங்களில் முட்டைக்கும் லாரி பாடிக்கும் பேர் போன நாமக்கல், பிளஸ் டூ மார்க்குக்கும் பேர் வாங்கியிருந்தது. எங்கெங்கோ இருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே ஹாஸ்டலில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காம்பவுண்டு சுவர் ஓரமாகச் சாப்பாட்டுக் கூடையோடு பெற்றோர் காத்திருப்பார்கள். அவர்களையும் நான் குறை சொல்லவில்லை. அவர்களில் எத்தனையோ பேர் கடன் வாங்கித்தான் பணம் கட்டினார்கள். ஆனால் ஊர் ஊராகப் பிள்ளைகள் பிளஸ் டூ படிக்க வந்து இறங்கிய மண்ணில், இங்கேயே பிறந்த 438 கிழங்கு சீவிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்போது குழாய்க்கு வருகிறேன். எவ்வளவு நல்ல குழாய் வாங்கிப் புதைத்தாலும் கசிவது பெரும்பாலும் மூட்டில்தான். அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும்போது நாங்கள் லைன் ஓரமாக நடந்துபோய்ப் பார்ப்பது மூட்டுகளைத்தான். பத்தாவதுக்கும் பதினொன்றாவதுக்கும் நடுவே இருப்பதும் ஒரு மூட்டு. சைக்கிள், புத்தகம், உதவித்தொகை எல்லாம் குழாய். அரசாங்கம் போட்டுவிடும். மூட்டை ஒரு ஆள் நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும். 2005ல் எங்கள் தமிழய்யா வந்து பார்த்தார்.

அந்த வேலையை இன்றைக்கு எங்கள் ஊரில் பார்க்கிறவர் யார் தெரியுமா? என் அக்காதான். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்றைச் சொல்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். 2022ல் தமிழ்நாடு முழுக்க அந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது, எங்கள் பள்ளியில் அக்காவைத் தலைவர் ஆக்கினார்கள். அவர் மகள் அந்தப் பள்ளியில்தான் படித்தாள்.

2023 மே மாதம் எட்டுப் பெண் பிள்ளைகள் பத்தாவது பாஸ். மூன்று வீட்டில் "போதும்" என்று சொல்லிவிட்டார்கள். அக்கா மூன்று வீட்டுக்கும் போனார். "என்னக்கா பேசின?" என்று கேட்டேன். "என் கதையைச் சொன்னேன். வேற எனக்கு என்ன தெரியும்?" என்றார். அம்மாக்கள் எட்டுப் பேரும் சேர்ந்து, சாயந்திரம் பிள்ளைகளைக் கூட்டிவர ஒரு ஷேர் ஆட்டோவை மாச வாடகைக்குப் பேசினார்கள். எட்டுப் பேரும் பதினொன்றில் சேர்ந்தார்கள். அவரவர் வீட்டு அப்பாக்கள் எங்கெங்கோ ரிக் வண்டியில், லாரியில், தறியில் இருந்தார்கள். அவர்களுக்குத் தூக்கம் கெடவில்லை.

என் அக்கா மகள் 2025ல் என்ஜினியரிங் சேர்ந்தாள். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ல் கொண்டுவந்த ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். அவளுக்காக யாரும் செயினைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக இரண்டு விஷயம். முன்னாள் மாணவர்களுக்கு: நாம் கூடும்போதெல்லாம் கல்லூரிக்கு என்ன செய்யலாம் என்று பேசுகிறோம். கட்டாயம் செய்ய வேண்டும். ஆனால் இந்த வளாகத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் தப்பித்து வந்தவர்கள். வழியிலேயே கசிந்துபோனவர்களும் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு ஹைஸ்கூல் இருக்கும். பத்தாவது ரிசல்ட் வருகிற வாரம் இரண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போங்கள். பாஸானவர்களில் யார் எங்கேயும் சேரவில்லை என்று ஹெச்.எம்.மிடம் கேளுங்கள். அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். அப்பா வெளியூரில் இருந்தால் போன் போட்டுப் பேசுங்கள். 2024ல் மறுபடி அமைத்தபோது மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அந்த நாற்காலியைக் காலியாக விடாதீர்கள்.

தம்பி தங்கைகளுக்கு: தமிழ் மீடியத்திலிருந்து வந்து, முதல் செமஸ்டரில் ஒன்றும் புரியாமல் முழிக்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள். நானும் முழித்தேன். 'மொமென்ட் ஆஃப் இனர்ஷியா' என்றார் சார். பயந்துபோனேன். பார்த்தால், நான் பிளஸ் டூவில் படித்த நிலைமத் திருப்புத்திறன்தான். ஆள் பழைய ஆள், சட்டைதான் புதுசு. பயப்படாதீர்கள். இன்னொன்று. உங்களுக்காக வீட்டில் யாராவது படிப்பை நிறுத்தியிருந்தால், அவர்கள் வாங்கிய மார்க் எவ்வளவு என்று ஒருநாள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் கேட்பதற்குப் பதினைந்து வருஷம் ஆனது.

விழாவுக்கு வரச்சொல்லி அக்காவைக் கூப்பிட்டேன். "ஆலைல கிழங்கு லோடு வந்துருக்குது. நீ பேசு. என் பேரை மட்டும் சொல்லிப்புடாத" என்றார். அதனால்தான் பெயரைச் சொல்லவில்லை. அந்த 438 மார்க் லிஸ்டு இன்னும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.