கரை கட்டினவரும் கான் வெட்டினவரும்



"கல்லணையைக் கரிகாலன் கட்டினான் என்று படிக்கிறோமே, ஐயா, அதற்கு எழுத்துச் சான்று ஏதும் உண்டா?" என்று மேல்வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் என்னைக் கேட்டான். நல்ல கேள்வி. புத்தகத்தில் உள்ளதை அப்படியே ஒப்புவிக்கும் பிள்ளைகளிடையே இத்தகைய கேள்வி எழுவது ஆசிரியனுக்கு இன்பம் தருவது.

சான்று உண்டு. ஆனால் அது அணையைப் பற்றியதன்று, கரையைப் பற்றியது. முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், தம் குலமுதல்வருள் ஒருவனான கரிகாலன் காவிரிக்குக் கரை எடுத்தான் என்று போற்றுகின்றன. அவை 11ஆம் நூற்றாண்டின. அவற்றுக்கும் முற்பட்ட மாலேபாட்டுச் செப்பேடுகள் ஆந்திர நாட்டின் கடப்பைப் பகுதியில் கிடைத்தவை. அங்கு ஆண்ட தெலுங்குச் சோழரும் காவிரியின் பெருக்கைத் தடுத்த கரிகாலனின் வழிவந்தோர் என்றே பெருமை கொண்டனர். வென்ற நாடுகளைச் சொல்லிப் பெருமைப்படுவது அரசர் வழக்கம். வெள்ளத்தை அடக்கியதும் குலப்பெருமையாயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்தக் கரைக்கு மண் சுமந்தோர் யாவர்? செப்பேடுகள் அதனைச் சொல்லவில்லை. ஆனால் பிற்காலச் சிங்கள வரலாற்று நூலாகிய ராஜாவலிய ஒரு கதை கூறுகிறது. சோழ மன்னன் இலங்கையிலிருந்து 12,000 பேரைச் சிறைபிடித்துக் காவிரியில் வேலை செய்யக் கொண்டுபோனான் என்றும், கஜபாகு மன்னன் சென்று அவர்களை மீட்டு வந்தான் என்றும் அந்நூல் சொல்லும். எண்ணிக்கையை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை, கதைதான். எனினும் 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது கதையன்று. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து நம் முன்னோர் கடல் கடந்து, முதலில் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாக இம்மலைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். இங்கும் அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது மண்வெட்டியே.

தோட்டங்களில் வடிகாலைக் 'கான்' என்கிறோம். இலக்கியத்தில் கான் என்பது காட்டைக் குறிக்கும். காட்டை அழித்தபின் இந்தக் கான் தேவைப்பட்டது ஒரு விந்தை. மரங்கள் தாங்கிய மழை வெறும் மண்ணில் விழத் தொடங்கியதும் மேல்மண் ஓடைக்கு ஓடியது; களை ஒன்றுமின்றிச் சுரண்டியெடுக்கும் வழக்கமோ அதனை இன்னும் விரைவாக்கியது. ஆகவே மலையின் குறுக்கே, ஏறத்தாழ 120 அடிக்கு ஓரடி மாத்திரம் சரியுமாறு கான்கள் வெட்டப்பட்டன. இடையிடையே சிறு மண்தடுப்புகள் விடப்படும். நீர் அங்கே தங்கி, வண்டலை விட்டு, தடுப்பின்மேல் வழிந்து மெல்ல நடக்கும். கண் மதிப்பாகச் செய்யக்கூடிய வேலையன்று அது. சரிவு கூடினால் கானே மண்ணை அரிக்கும், குறைந்தால் உடைப்பெடுக்கும்.

இது நம் தோட்டத்து விவகாரம் மாத்திரம் என்று கருதிவிடலாகாது. சிவனொளிபாத மலையை அண்டிய சரிவுகளின் நீர் மஸ்கெலி ஓயாவிலும் கெஹெல்கமு ஓயாவிலும் சேர்ந்து களனி கங்கையாகிக் கொழும்புக்கருகே கடலை அடைகிறது. கொழும்பு நாகலகம் வீதியில் களனி நீர்மட்டத்தை அளக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. 1947 ஆகஸ்ட் வெள்ளத்தில் அது 12 அடிக்கு மேல் காட்டியது. நான்காண்டுகளின் பின், 1951இல், மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டில் செய்த அழிவை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டிருப்போரில் உற்றாரை இழந்தோரும் இருக்கக்கூடும். நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கான் ஒழுங்காயிருந்தால் மலை சரிந்திராது என்று சிலர் சொல்கின்றனர். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. நிலத்தின் ஆழத்தில் இறங்கிய நீர் சரிவைத் தளர்த்தும்போது மேலேயுள்ள கான் யாது செய்யும்? தடுப்புடன் நீரைத் தேக்கும் கான், நிலையற்ற சரிவில் தீங்காகவும் முடியலாம். எந்தச் சரிவில் நீரைத் தேக்குவது, எதில் விரைந்து வெளியேற்றுவது என்பதை அறிந்தோர் வந்து பார்த்தே சொல்ல வேண்டும். ஆயினும் வண்டல் நிறைந்து தூர்ந்த கான் எவருக்கும் பயன்படாது.

மழை ஓய்ந்தபின் அந்த மாணவனையும் இன்னும் சிலரையும் அழைத்துக்கொண்டு பாடசாலைக்கு மேலுள்ள மலைக்குச் சென்றேன். ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் உடன் வந்தார். மானாப்புல்லை விலக்கி, மண்ணுக்குள் கம்பை இறக்கி, பழைய கானின் அடியைக் காட்டினார். முழங்காலளவு ஆழமிருந்த இடம். இப்போது கணுக்காலளவும் இல்லை.

"இதை வெட்டியது யார், தாத்தா?" என்றான் மாணவன்.

"எங்கள் அப்பா காலத்துக் கான், தம்பி. யார் யார் வெட்டினார்கள் என்று செக்ரோலில் இருந்திருக்கும். அதைக் கரையான் தின்றிருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த தடுப்பைத் தேடி நடந்தார்.