மிசிசிப்பியிலிருந்து வீட்டுக்கு



1964 ஜூன் 21, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில் மெரிடியன் என்றொரு ஊர். ஆண்ட்ரூ குட்மன் என்ற 20 வயதுக் கல்லூரி மாணவர் அங்கிருந்து நியூயார்க்கில் இருந்த தன் பெற்றோருக்கு ஓர் அஞ்சலட்டை போட்டார். பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன், ஊர் பிடித்திருக்கிறது, வானிலை நன்றாக இருக்கிறது, மக்கள் அன்பாக வரவேற்றார்கள் என்பதுதான் சேதி. அன்றிரவே அவரும் உடன் சென்ற ஜேம்ஸ் சேனி, மைக்கேல் ஷ்வர்னர் இருவரும் கொல்லப்பட்டார்கள். அட்டை வீடு போய்ச் சேர்ந்தபோது எழுதியவர் உயிரோடு இல்லை.

இந்த அட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் சோகத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதை ஒரு கடிதமாக மதிப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக உழைக்க வந்த குட்மன், அங்கிருந்த ஆபத்தை அறியாமல் வந்தவர் அல்லர். ஓஹையோவில் ஒரு மகளிர் கல்லூரி வளாகத்தில் பயிற்சி பெற்று வந்தவர். எங்கும் தனியே போகாதே, இரவில் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் விழும்படி வாசலில் நிற்காதே, ராத்திரிப் பயணம் என்றால் காரின் உள்விளக்கைக் கழற்றிவிடு என்றெல்லாம் தொண்டர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. 21 வயது நிரம்பாதவர்கள் பெற்றோரின் சம்மதத்தோடுதான் வர முடியும். அந்தச் சம்மதத்தைக் கொடுத்துவிட்டுத் தூங்காமல் காத்திருக்கிற அம்மாவும் அப்பாவும் முதலில் என்ன கேட்பார்கள்? போய்ச் சேர்ந்தாயா? அந்தக் கேள்விக்கு முதல் வரியிலேயே பதில் சொல்கிறது அட்டை. அதில் பொய் எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டது நிறைய. எதைச் சொல்வது, எதை விடுவது என்ற இந்தத் தேர்வில்தான் வீட்டுக் கடிதம் எழுதுகிறவரின் கலை இருக்கிறது.

அந்த வருடக் கோடைக்குச் ‘சுதந்திரக் கோடை’ என்று பெயர். பாப் மோசஸ் என்பவர் முன்னின்று நடத்திய இயக்கம் அது. 1962இல் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பின மக்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. பெயர் சேர்க்கப் போனால் 21 கேள்விகள் கொண்ட படிவம். மாநில அரசியல் சட்டத்தில் 285 பிரிவுகள். பதிவாளர் காட்டுகிற பிரிவை எழுதி விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சரியா தவறா என்று முடிவு செய்பவரும் அதே பதிவாளர்தான். இதை எதிர்த்து வேலை செய்ய வடக்கிலிருந்து சுமார் ஆயிரம் இளைஞர்கள் போனார்கள். பெரும்பாலும் வெள்ளையர், பெரும்பாலும் மாணவர். சம்பளம் கிடையாது. உள்ளூர்க் கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் வீடுகளில் இடம் கொடுத்தன. அதற்காக வேலையை இழக்கவும் வீட்டைக் கொளுத்தக் கொடுக்கவும் துணிந்த குடும்பங்கள் அவை. அந்தக் கோடையில் ஏறத்தாழ 17,000 பேர் பெயர் சேர்க்க முயன்றார்கள். ஏற்கப்பட்டவர்கள் 1,600 பேர்தான்.

அந்த வீடுகளிலிருந்து எழுதப்பட்ட கடிதங்களைத் திரட்டி எலிசபெத் சதர்லாண்ட் 1965இல் ‘மிசிசிப்பியிலிருந்து கடிதங்கள்’ என்ற தொகுப்பாக வெளியிட்டார். அவர் வெளியே நின்று பார்த்தவர் அல்லர், அதே இயக்கத்தின் நியூயார்க் அலுவலகத்தில் வேலை செய்தவர். சில கடிதங்கள் பெற்றோருக்கு, சில நண்பர்களுக்கு, இன்னும் சில வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக.

இவற்றில் எவை நல்ல கடிதங்கள்? எழுதுகிறவர் கண்ணில் பட்டதை எழுதும்போது கடிதம் எழுந்து நிற்கிறது. சமையலறை, புழுக்கம், கொசு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி. கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போனால், வெள்ளைக்காரப் பிள்ளைக்கு மறுத்துப் பேசப் பயந்து எல்லாவற்றுக்கும் ‘சரிங்க’ என்று தலையாட்டும் முதியவர்கள். ‘சரி’ என்று சொன்னவர் பெயர் சேர்க்க வரமாட்டார் என்பதை அந்த இளைஞர்கள் சில நாளிலேயே புரிந்துகொண்டார்கள். அந்தக் கோடையில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று சுமார் 40 இடங்களில் சுதந்திரப் பள்ளிகளும் நடந்தன. ஆயிரம் பேர் வந்தால் போதும் என்று திட்டமிட்டார்கள், இரண்டாயிரத்துக்கு மேல் வந்தார்கள். பாடநூலில் தங்கள் வரலாறு இல்லாத பிள்ளைகள் அதை முதன்முறையாகக் கேட்கும்போது முகம் எப்படி ஆனது என்று எழுதுகிற இடங்கள் மறக்க முடியாதவை. தான் எப்படி மாறிப்போனேன் என்று தன்னையே விவரிக்கத் தொடங்கினால் அதே கை தளர்ந்துவிடுகிறது. இருபது வயதில் அது இயல்புதான். ஆனாலும் எழுத்து என்ற முறையில் இரண்டாம் தரம்.

உடன்பிறந்தவருக்கு எழுதுவது இன்னொரு வகை. அம்மாவுக்கு எழுதும்போது கை தானாகவே ஆபத்தைக் குறைத்துவிடும். அண்ணனுக்கோ தங்கைக்கோ எழுதும்போது பயத்தைப் பயம் என்றே சொல்லலாம். ஆனால் அப்படி எழுதியதும் ஒரு சுமை கைமாறுகிறது. படித்த தங்கை அதை மனத்தில் வைத்துக்கொண்டே அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எவ்வளவு சொன்னால் கூடப்பிறந்தவளால் தாங்க முடியும் என்று கணக்கிட்டு எழுதுகிறவரையே நான் நல்ல கடிதக்காரர் என்பேன்.

கடிதங்கள் வீட்டோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெற்றோர்கள் அவற்றைத் தட்டச்சு செய்து உறவினருக்கு அனுப்பினார்கள். உள்ளூர்ப் பத்திரிகைகள் சிலவற்றை வெளியிட்டன. அரசியல் பேசியே பழகாத வீடுகளில் அப்பாவும் அம்மாவும் குழு சேர்ந்து, தங்கள் பிள்ளைகளுக்கும் அந்த ஊர் மக்களுக்கும் பாதுகாப்புக் கேட்டு மக்களவை உறுப்பினர்களிடம் போய் நின்றார்கள். ஆயிரம் துண்டறிக்கை செய்யாததை ‘அன்புள்ள அம்மா’ என்று தொடங்கும் நாலு பக்கம் செய்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தக் கலையைப் பாராட்டும்போதே அதில் இருக்கிற பெரிய இடைவெளியையும் பார்க்க வேண்டும். ஜேம்ஸ் சேனி மெரிடியனிலேயே பிறந்தவர். 21 வயது. போராடப் போனது சொந்த ஊரில். மாலையில் வீடு திரும்புகிறவர் யாருக்குக் கடிதம் எழுதுவார்? அவருடைய தம்பி பென்னுக்கு அப்போது 12 வயது. ஆகஸ்ட் 4ஆம் தேதி மண் அணைக்கட்டுக்கு அடியிலிருந்து மூன்று உடல்களும் எடுக்கப்பட்டன. அண்ணனின் சவ அடக்கத்தில் அம்மாவின் பக்கத்தில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்த அந்தச் சிறுவனின் படத்தை உலகம் பார்த்தது. அதன் பிறகு மிரட்டல் தாங்காமல் அந்தக் குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. தொலைவிலிருந்து வந்தவர்களின் அனுபவம் எழுத்தாக மிஞ்சியது. ஊரிலேயே இருந்து அதைவிட அதிகம் பொறுத்தவர்களின் அனுபவம் அந்த அளவுக்கு எழுத்தில் மிஞ்சவில்லை. தொகுப்பைப் படிக்கிறவர்கள் இதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. தொகுப்பில் இருப்பவை போனவர்கள் எழுதியவை. வீட்டிலிருந்து போன பதில்கள் இல்லை. ‘திரும்பி வந்துவிடு’ என்று கெஞ்சிய தகப்பனும், ‘அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ இரு’ என்று எழுதிய தங்கையும் இருந்திருப்பார்கள். ஓரிடத்தில் நிலையாகத் தங்காமல், பெட்டிக்குள் அடங்கும் துணியோடு வீடு வீடாக மாறிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பதில்களைச் சேர்த்துவைத்திருக்க முடியும்? அறுபதுகளின் நடுவிலேயே விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கம் ஆட்களைத் தெற்கே அனுப்பி இயக்கத்தின் காகிதங்களைத் திரட்டியது. அந்த முன்யோசனை இல்லாவிட்டால் இன்று கையில் இருப்பதிலும் பாதி போயிருக்கும்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் தொலைதூர ஊரில் பிறருடைய உரிமைக்காக உழைத்துக்கொண்டிருக்கலாம். அவர் அனுப்புவதைப் பத்திரமாக வைத்திருப்பீர்கள். நீங்கள் அவருக்கு எழுதுவதற்கும் ஒரு பிரதி எடுத்து, தேதியும் ஊரும் குறித்து, அதே உறையில் சேர்த்து வையுங்கள்.