கம்பியில் குத்திய கடிதம்

நடுவர் அவர்களே! எதிரணிச் சகோதரி சொன்னாங்க, "ஆபீஸ் மெயில் நிறைஞ்சா அழிச்சுத் தள்ளு"ன்னு. அழிச்சா ஜிமெயில் குப்பைத்தொட்டியில 30 நாள்தான் இருக்கும், அப்புறம் போச்சு!

நம்ம தாத்தாக்கள் கடிதத்தைப் படிச்சதும் கம்பியில் குத்தி வைப்பார்கள். 2004-இல் வந்த ஜிமெயிலில் அந்தக் கம்பிக்குப் பேர் 'ஆர்க்கைவ்'. ஒரு அமுக்கு அமுக்கினால் கடிதம் இன்பாக்ஸை விட்டு நகரும், அழியாது. பேர் போட்டுத் தேடினால் வரும். யாராவது பதில் போட்டால் தானாகவே இன்பாக்ஸில் வந்து நிற்கும்! தாத்தா கம்பி இதைச் செய்யுமா?

இடம் மிச்சமாகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூணு மாசம் கழிச்சு, "அந்த லீவை நான் அனுமதிக்கவே இல்லையே"ன்னு மேனேஜர் சொன்னா, நாங்க அவர் அனுப்பிய கடிதத்தையே எடுத்து நீட்டுவோம். சகோதரி எதை நீட்டுவாங்க?