கோடையில் பிள்ளை பெற்ற வீடு

(ஜமாஅத் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகள் நிறைந்துவிடுகின்றன. பள்ளிக்கூடம் மூடிய பிள்ளைகள் ஒருபுறம், வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள் ஒருபுறம், திருமண அழைப்பிதழ்கள் மற்றொரு புறம். மே முதல் வாரத்தில் தொடங்கி அம்மாத இறுதி வரை நீடிக்கும் கத்திரி வெயிலில் வேலூர், திருத்தணி, மதுரை போன்ற ஊர்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். இந்த நெருக்கடியான நாட்களில்தான் சில வீடுகளில் புதிதாக ஒரு குழந்தையும் பிறக்கிறது. ஏற்கெனவே மூன்று வயதிலும் ஆறு வயதிலும் பிள்ளைகள் உள்ள வீட்டில், பத்து நாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் இந்தக் கோடையைக் கடந்தாக வேண்டும். அவளுக்கு வீட்டார் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பச்சிளங்குழந்தைக்குக் கோடையில் தேவைப்படுபவை மிகச் சில: தாய்ப்பால், நிழல், காற்றோட்டம், தூக்குவோரின் சுத்தமான கை. இவற்றுள் முதலாவது தாயிடம் இருக்கிறது; மற்ற மூன்றும் வீட்டாரிடம் இருக்கின்றன. ஆகவே குழந்தையைக் காக்க விரும்பும் வீடு முதலில் தாயைக் காக்க வேண்டும். இதை நாம் பல வீடுகளில் தலைகீழாகச் செய்துவருகிறோம்.

வெயில் கடுமையாகும்போது, "பிள்ளைக்குத் தொண்டை வறண்டுவிடும், இரண்டு சங்குத் தண்ணீர் புகட்டுங்கள்" என்று பெரியவர்கள் சொல்வது உண்டு. அன்பினால் சொல்வதுதான். ஆனால் தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கும் மேல் தண்ணீர்தான் இருக்கிறது. எத்தனை கடுமையான வெயிலாயினும், முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தண்ணீரோ, சர்க்கரைத் தண்ணீரோ புகட்டினால் அந்தச் சிறு வயிறு நிரம்பிவிடும். குழந்தை பால் குடிப்பது குறையும். குடிப்பது குறைந்தால் பால் சுரப்பதும் குறையும். தண்ணீரோடும் சங்கோடும் கிருமிகள் உள்ளே செல்லும் அபாயம் வேறு. தேனை ஒரு வயது நிறையும் வரை நாவில் தடவவும் கூடாது. வெயில் நாளில் குழந்தை அடிக்கடி பால் கேட்டு அழுதால், அது பால் போதாமையின் அடையாளம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். தாகத்திற்கும் அது பாலையே கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் கொடுப்பதே வழி. பிறந்து ஒரு வாரம் ஆகும் தறுவாயில், நாளொன்றுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ சிறுநீர் கழித்தால் பால் போதுமானதாக இருக்கிறது என்று மனம் தேறலாம்.

குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கத் துடிக்கும் அதே வீட்டில், பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் மறுக்கப்படுவதையும் நாம் காண்கிறோம். வயிறு பெருத்துவிடும், புண் ஆறாது, சீதளம் பிடிக்கும் என்று பத்தியத்தின் பெயரால் அவளுக்கு அளந்து ஊற்றுகிறார்கள். மார்கழியில் இந்தப் பத்தியம் அவளை வருத்தும். சித்திரையில் அவளை வீழ்த்திவிடும். பாலூட்டும் தாய் மற்றவர்களைவிட அதிகமாகவே நீர் அருந்த வேண்டும். பாலூட்ட அமரும் ஒவ்வொரு முறையும் அவள் கைக்கெட்டும் இடத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும். மோர், கஞ்சி, இளநீர், நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு ஆகியவற்றை அவள் தாராளமாக உண்ணலாம். தாய் மோர் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்ற அச்சத்திற்கு அடிப்படை இல்லை.

அடுத்து, தாயும் சேயும் தங்கும் அறை. 2010-ஆம் ஆண்டு மே மாதம் குஜராத்தின் அகமதாபாத் நகரைக் கடும் வெப்ப அலை தாக்கியது. அங்குள்ள ஒரு மருத்துவமனையில் தாய்மார்களும் பச்சிளங்குழந்தைகளும் தங்கும் பிரிவு மேல்தளத்தில், நேராகக் கூரைக்குக் கீழே இருந்தது. வெப்பத்தால் பாதிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைக்குச் சென்ற குழந்தைகளின் எண்ணிக்கை அந்நாட்களில் உயர்ந்தது. பின்னர் அப்பிரிவு கீழ்த்தளத்திற்கு மாற்றப்பட்டது. அதன்பின் அத்தகைய சேர்க்கைகள் குறைந்ததை மருத்துவர்கள் ஆராய்ந்து பதிவு செய்துள்ளனர். அதே நகரம், அதே வெயில். மாறியது அறை மட்டுமே.

இதிலிருந்து நம் வீடுகளுக்குப் பாடம் உண்டு. பகலெல்லாம் சூடேறிய காங்கிரீட் தளம் இரவிலும் வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். மாடி அறையில் பிள்ளை பெற்றவளைப் படுக்க வைத்து, கண்ணேறு படும், காற்றுப் படும் என்று சன்னலையும் சாத்திவைப்பது அவர்களை அடுப்பில் வைப்பதற்கு ஒப்பாகும். வீட்டிலேயே குளிர்ச்சியான கீழ்த்தள அறையை நாற்பது நாட்களுக்கு அவர்களுக்கு ஒதுக்குங்கள். காலையிலும் மாலையிலும் சன்னலைத் திறந்து, உச்சிவெயிலில் திரையிடுங்கள். மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெப்பம் தணியும். மின்விசிறியால் கேடில்லை, முகத்தில் நேராக வீசாமல் இருந்தால் போதும். தூளிக்கு மெல்லிய பருத்திச் சேலையே ஏற்றது. குழந்தைக்கும் பருத்தித் துணி ஒன்றே போதும். குல்லாவும் கம்பளியும் வேண்டா. வேர்க்குருவுக்குப் பவுடரை அப்பாமல், நீரில் நனைத்த துணியால் துடைத்துக் காற்றாட விடுங்கள். சாம்பிராணிப் புகை அந்த இளம் நுரையீரலுக்கு ஆகாது.

இனி மூத்த பிள்ளைகள். நேற்றுவரை உம்மாவின் மடியில் உறங்கிய மூன்று வயதுப் பிள்ளை, இன்று "சத்தம் போடாதே, தம்பி தூங்குகிறான்" என்ற அதட்டலை நாள்தோறும் கேட்கிறது. அது அழுவதும், அடம்பிடிப்பதும், விட்டுப்போன பழக்கமாகிய படுக்கையில் சிறுநீர் கழிப்பதைத் திரும்பத் தொடங்குவதும் குறும்பு அல்ல. தன் இடம் பறிபோனதோ என்ற அச்சம். அதற்கு அடி மருந்தாகாது. துணி எடுத்துக் கொடுப்பது, விசிறி வீசுவது போன்ற சிறு வேலைகளைக் கொடுத்துப் பாராட்டுங்கள். குழந்தை உறங்கும் வேளையில் கால்மணி நேரமாவது தாய் அந்தப் பிள்ளைக்கு மட்டும் உரியவளாக இருக்கட்டும். நண்பகலில் தாயம், பல்லாங்குழி, கதை என்று நிழலில் பொழுது போகட்டும்.

ஒன்றை மறவாதீர்கள். வீட்டார் கவனமெல்லாம் தொட்டிலில் இருக்கும் நேரத்தில்தான் விபத்துகள் நேருகின்றன. தவழும் பிள்ளைக்கும் நடை பழகும் பிள்ளைக்கும் அரை வாளித் தண்ணீரே உயிருக்கு ஆபத்து. வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தொட்டிக்கும் கிணற்றுக்கும் மூடி இடுங்கள். பெரியவர் துணையின்றிப் பிள்ளைகளைக் குளத்திற்கும் கடலுக்கும் அனுப்பாதீர்கள். மூத்த பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், உப்பு சர்க்கரைக் கரைசலை உடனே தொடங்குங்கள். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இக்கரைசலைக் கொண்டே ஏராளமான உயிர்களைக் காத்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் பொட்டலத்தை, அதில் குறித்துள்ள அளவு கொதித்து ஆறிய நீரில் கரைத்து, 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும்.

விருந்தினராகச் செல்லும் நமக்கும் கடமை உண்டு. பிள்ளை பார்க்கப் போகிறோம் என்று பத்துப் பேராய்ச் சென்று, தேநீரும் பலகாரமும் வரும் வரை காத்திருப்பது அந்தத் தாய்க்குச் செய்யும் உதவி அன்று. சளி, காய்ச்சல் உள்ளவர் போகவே வேண்டாம். போகிறவர் கையைச் சோப்பிட்டுக் கழுவட்டும். குழந்தையை முத்தமிட வேண்டாம். வெறுங்கையோடும் போக வேண்டாம். ஒரு தூக்குச் சட்டியில் அன்றைய மதிய உணவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மூத்த பிள்ளைகளை ஒரு மணி நேரம் தம் வீட்டிற்கு அழைத்து வரலாம். தொட்டிலில் இருக்க வேண்டிய குழந்தையைத் திருமண மண்டபத்தின் நெரிசலுக்கு அழைத்து வரும்படி எவரும் வற்புறுத்தக் கூடாது.

தகப்பன்மார்களுக்கு ஒரு சொல். பாலூட்டலைப் பற்றிப் பேசும் திருக்குர்ஆனின் 2:233-ஆம் வசனம், இரண்டு ஆண்டுகளைக் குறிப்பிடும் அதே இடத்தில், தாயின் உணவையும் உடையையும் தகப்பனின் பொறுப்பாக்குகிறது. பால் மறக்கடிப்பதைக்கூட இருவரும் கலந்து முடிவு செய்யச் சொல்கிறது. ஆகவே இது பெண்கள் விவகாரம் என்று ஒதுங்க நமக்கு இடமில்லை. மூத்த பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது, இரவில் குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்வது, துணி துவைப்பது ஆகியவை ஆண்மைக்கு இழுக்கல்ல. வளைகுடாவில் பணிபுரிவோர் தொலைபேசியில் பிள்ளையை மட்டும் காட்டச் சொல்லாமல், "நீ சாப்பிட்டாயா, உறங்கினாயா" என்று மனைவியிடமும் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையெனில் வீட்டுப் பெரியவர்களிடம் பேசுங்கள்.

இறுதியாக, காலம் தாழ்த்தக் கூடாத அடையாளங்கள்: குழந்தை பால் குடிக்க மறுத்தல், எழுப்பியும் எழாத சோர்வு, சிறுநீர் குறைதல், உச்சிக்குழி உள்வாங்குதல், வேகமாக மூச்சு வாங்குதல், உடல் சூடு 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டுதல். இவற்றில் ஒன்று கண்டாலும் வெயில் சூடு என்று வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாகனம் இல்லையெனில் 108-ஐ அழையுங்கள். தாய்க்குக் காய்ச்சலோ, மிகுந்த உதிரப்போக்கோ, காரணமற்ற அழுகையோ நீடித்தாலும் அவ்வாறே செய்யுங்கள்.

நம் மஹல்லாவில் இந்தக் கோடையில் எந்தெந்த வீடுகளில் பச்சிளங்குழந்தை இருக்கிறது என்பது அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் தெரியும். இன்று வீடு திரும்பியதும் அவற்றுள் ஒரு வீட்டின் கதவைத் தட்டி, "என்ன செய்து தரட்டும்?" என்று கேட்போமாக. தாய்களையும் சேய்களையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக. வஸ்ஸலாம்.