விண்மீனைப் படிப்பவருக்கும் பந்தியில் இடம் வேண்டும்



நம் பிள்ளைகள் வானியற்பியலோ நிலவியலோ முதுகலை படிக்க விரும்பினால், "இதைப் படித்தால் சோறு கிடைக்குமா?" என்று நம் வீடுகளில் கேட்கிறோம். பசி அறிந்தவர்களின் கேள்வி அது. அதற்கான பதிலை அந்தப் படிப்பின் வரலாற்றிலேயே தேடுவோம்.

மேக்நாத் சாஹா 1893இல் டாக்கா அருகே ஒரு கிராமத்தில் சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்புக்காக ஒரு மருத்துவர் வீட்டில் தங்கினார். தன் தட்டைத் தானே கழுவ வேண்டும், மாட்டைக் கவனிக்க வேண்டும் என்பது நிபந்தனை. கல்கத்தா கல்லூரி விடுதியில் உயர்சாதி மாணவர்கள் அவரோடு அமர்ந்து உண்ண மறுத்தார்கள். 1915இல் கணிதத்தில் முதுகலை முடித்தார். 1920இல், வெப்பமும் அழுத்தமும் மாறும்போது அணுக்கள் எவ்வளவு எலக்ட்ரான்களை இழக்கும் என்பதற்கான சமன்பாட்டைத் தந்தார்.

விண்மீன்களின் நிறமாலைக் கோடுகள் வேறுபட முதன்மைக் காரணம் வெப்பநிலை, அவை உருவான பொருளல்ல என்று அதன்பின் தெளிவானது. 1925இல் சிசிலியா பெய்ன் அந்தச் சமன்பாட்டைக் கொண்டே, தன் முனைவர் பட்ட ஆய்வில், விண்மீன்களில் மிகுந்திருப்பது ஹைட்ரஜன் என்று காட்டினார். மாணவர்களின் மதிப்பெண் வேறுபாட்டைப் பிறப்போடு முடிச்சுப் போடுகிறவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

சாஹாவின் சாதி இன்றைய பட்டியல் சாதிகளில் இல்லை. அவருக்கே அந்தப் பந்தி என்றால், சேரியிலிருந்து போகும் பிள்ளைக்கு? இட ஒதுக்கீடு சேர்க்கைக் கடிதத்தை வாங்கித் தருகிறது. அதற்குப் பிறகு வருபவை நெறியாளர், விடுதி, தொலைநோக்கியில் நேரம், களப்பயணச் செலவு. நிலவியல் மாணவர் சுத்தியலோடு நாள்கணக்கில் பாறைகளுக்கிடையே நடக்க வேண்டும். உதவித்தொகை சில மாதம் தாமதமானால் அந்த நடை நின்றுபோகும், ஆய்வேடும் நின்றுபோகும். பிறகு, "பாதியில் விட்டுவிட்டார்" என்று பதிவேட்டில் எழுதுவார்கள்.

ஆகவே உதவித்தொகை மாதந்தோறும் வரவேண்டும் என்கிறோம். நெறியாளர் ஒதுக்கீட்டில் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்கிறோம். இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறோம்: இந்த ஆண்டு அறிவியல் முதுகலைக்குச் செல்லும் நம் பிள்ளை ஒருவருக்கேனும் தேர்வுக் கட்டணம் கட்டுவது முதல் நெறியாளர் கிடைப்பதுவரை உடன் நில்லுங்கள்.

ஜெய்பீம்.