ஞாயிற்றுக்கிழமை உட்கார ஓர் இடம்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது. அவரே பார்த்துத் திருத்திக் கொடுத்த எழுத்து வடிவம்.)

கூட்டத்துக்கு வர முடியாமல் இதைப் போனில் படிக்கப்போகிற உங்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

இன்று நான்காவதாக ஒரு தீர்மானம் வைத்திருக்கிறோம். மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே இருக்கும் திடலுக்குக் கம்பிவேலி போட்டு, மாலை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவது. காரணம் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் பத்துப் பதினைந்து பேர் அங்கே கூடிவிடுகிறார்கள். பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர்கள், அல்லது லீவில் வந்தவர்கள். டியூஷன் முடிந்து வரும் பெண்பிள்ளைகள் அந்த வழியாக வரப் பயப்படுகிறார்கள். போன மாதம் உடைந்த பாட்டில் குத்தி ஒரு குழந்தைக்குக் காலில் தையல் போட்டார்கள். இதில் ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதினைந்து பேரில் சில நாள் நானும் ஒருவன். அதனால் கை தூக்குவதற்கு முன்னால் பத்து நிமிடம் கேளுங்கள்.

2007இல் திருச்சியில் விமானம் ஏறி சிங்கப்பூர் போனேன். கட்டட வேலை. பன்னிரண்டு வருடம். அங்கே லிட்டில் இந்தியா என்று ஒரு பகுதி இருக்கிறது. நம் ஆட்கள் அதைத் தேக்கா என்பார்கள். திங்கள் முதல் சனி வரை நாங்கள் ஹெல்மெட் போட்ட ஆட்கள், அவ்வளவுதான். ஞாயிறு மதியம் குளித்து, தேய்த்த சட்டை போட்டு, தங்கும் விடுதியிலிருந்து பஸ் ஏறி சிராங்கூன் ரோட்டில் இறங்கினால்தான் எங்களுக்கு ஊர், பேர், உறவு எல்லாம் திரும்பி வரும்.

முதலில் ஊருக்குப் பணம் அனுப்புவோம். அப்புறம் முஸ்தபா கடையில் ஒரு சுற்று. வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு. நாலரை மணிக்கு ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் புல்தரையில் உட்காருவோம். ஒவ்வொரு பக்கத்து ஆட்களுக்கும் ஒரு மரத்தடி உண்டு. பட்டுக்கோட்டைக்காரர்கள் ஒரு இடம், அறந்தாங்கிக்காரர்கள் ஒரு இடம். திண்டுக்கல், நத்தம், நிலக்கோட்டை எல்லாம் எங்கள் மரம். போன் போட்டுக் கூப்பிட வேண்டியதில்லை. மரத்தடிக்குப் போனால் ஆள் இருக்கும்.

குடித்தோமா? குடித்தோம். நானும் குடித்தேன். கடைக்குள் மேசை போட்டு உட்கார்ந்தால் காசு கூட ஆகும், ஒன்றரை மணி நேரத்தில் எழுப்பியும் விடுவார்கள். வெளியே ஒரு டின் பீர் வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று மணி நேரம் பேசலாம். பேச்சு என்றால் பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. சிறுமலையில் மழையா, யார் வீட்டில் கல்யாணம், எந்த ஏஜெண்ட் எத்தனை லட்சம் வாங்குகிறான், எந்தக் கம்பெனியில் ஓவர்டைம் ஒழுங்காக வருகிறது. புதிதாக வந்த பையன் அழுதால் பக்கத்தில் இருப்பவன் காணாததுபோல் இருப்பான்.

அதே ஊரில், அதே வார இறுதியில், ஆற்றோரம் கிளார்க் கீ, போட் கீ பக்கம் வேறு வெளிநாட்டுக்காரர்கள் கூடுவார்கள். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நம் நாட்டிலிருந்தே போன வங்கி, கம்ப்யூட்டர் ஆட்கள். அவர்கள் கையிலும் பீர், அவர்கள் பேசுவதும் வேலையும் வீடும்தான். அவர்களுக்குப் பெயர் எக்ஸ்பாட். எங்களுக்குப் பெயர் ஒர்க் பெர்மிட். பொறாமையில் சொல்லவில்லை. தூரத்தில் நின்று பார்த்தபோது எனக்குப் பட்ட ஒரே வித்தியாசம், அவர்களுக்கு நாற்காலி இருந்தது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். நத்தம் பக்கத்துப் பையன் ஒருவன் இரண்டு ஞாயிறு மரத்தடிக்கு வரவில்லை. போனை எடுக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு நாங்கள் இரண்டு பேர் அவன் தங்கும் இடத்துக்கே போனோம். வலது கையில் இரண்டு விரல் நசுங்கி, கட்டுப் போட்டுப் படுத்திருந்தான். வேலையில் அடிபட்டதை வெளியே சொல்லாதே, ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று மிரட்டி வைத்திருந்தார்கள். இரண்டு மாதச் சம்பளமும் பாக்கி. எங்கள் மரத்தடியில் பாலிடெக்னிக் படித்த ஒரு அண்ணன் இருந்தார். அவர்தான் மனு எழுதி, அவனை மனிதவள அமைச்சுக்கு அழைத்துப்போனார். வழக்கு நடந்த மாதங்களில் அவனுக்குத் தேக்காவிலேயே சாப்பாடு கிடைத்தது. காயம்பட்டவர்களுக்கும் சம்பளம் வராதவர்களுக்கும் டிடபிள்யூசி2 என்ற தன்னார்வ அமைப்பு 2008 முதல் அங்கே இலவசமாகச் சாப்பாடு போடுகிறது. அவனுக்கு இழப்பீடு வந்தது. மரத்தடி இல்லாவிட்டால் அவன் வராததை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். வாராவாரம் எங்களுக்கு அதுதான் வருகைப் பதிவேடு.

2013 டிசம்பர் 8 வந்தது. அதுவும் ஞாயிறு. விடுதிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறி, இறக்கிவிடப்பட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் அந்தப் பஸ் சக்கரத்திலேயே சிக்கி இறந்துபோனார். 33 வயது. அவரைக் காப்பாற்றவில்லை என்று நினைத்துக் கூட்டம் கொதித்தது. ஆம்புலன்ஸ், போலீஸ் வண்டிகளுக்குத் தீ வைத்தார்கள். 40 வருடத்துக்கு மேல் கலவரமே பார்க்காத ஊர் அது. நான் எட்டு மணி பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். மறுநாள் காலை வேலையிடத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. 25 பேர் மேல் வழக்கு, 50 பேருக்கும் மேல் நாடு கடத்தல். காப்பாற்ற வந்த வண்டிக்குத் தீ வைத்ததை நான் எந்த நாளும் நியாயப்படுத்த மாட்டேன்.

விசாரணைக் குழு குடியையும் ஒரு காரணமாகச் சொன்னது. 2015 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம். இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை பொது இடத்தில் எங்கும் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவில் சனி காலை ஏழு முதல் திங்கள் காலை ஏழு வரை பொது இடத்தில் அறவே கூடாது. லைசன்ஸ் உள்ள கடைக்குள் குடிக்கலாம். அதாவது நாற்காலிக்குக் காசு இருந்தால் தடையில்லை. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? டீக்கு மாறினோம். பேப்பர் கப்பில் டீ வாங்கிக்கொண்டு அதே மரத்தடியில் உட்கார்ந்தோம். குடிக்காக மட்டும் வந்த இரண்டு மூன்று பேர் வருவதை நிறுத்தினார்கள். மற்ற எல்லோரும் வந்தார்கள். குடி இல்லாமலும் அந்தக் கூட்டம் நின்றது என்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

இடமே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா காட்டியது. 2020 ஏப்ரலில் விடுதிகளைப் பூட்டினார்கள். நான் அதற்குள் ஊர் திரும்பிவிட்டேன். அங்கே இருந்த தம்பிகள் ராத்திரி ராத்திரி போன் செய்வார்கள். ஒரு அறையில் பன்னிரண்டு பேர், ஆனாலும் பேச ஆள் இல்லை என்பார்கள். 2022இல்கூட ஞாயிற்றுக்கிழமை தேக்கா போக அவர்களுக்குத் தனி அனுமதி வேண்டியிருந்தது.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். திரும்பி வந்த முதல் ஞாயிறு நாலரை மணிக்குச் சட்டை மாட்டிவிட்டேன். எங்கே என்றாள் மனைவி. பதில் இல்லை. டீக்கடை பெஞ்சில் பத்து நிமிடம், அதற்கு மேல் உட்கார்ந்தால் கடைக்காரர் தண்ணீர் தெளிப்பார். முன்பு தறி ஓடிய காலத்தில் நம் தெருக்களில் இந்தச் சிக்கல் இல்லை. விடியற்காலை பாவு போட்டால் தெருவே கூடி நிற்கும். தார் சுற்றும் பெண்கள் நாளெல்லாம் பேசிக்கொண்டே இருப்பார்கள். இப்போது பாதி வீடுகளில் தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டுவிட்டோம். வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்கு உறவினர் கல்யாணத்தை விட்டால் உட்கார இரண்டே இடம்: டாஸ்மாக், இல்லையென்றால் தொட்டித் திடல். துபாயில் எட்டு வருடம் தொடாத ஒருவர் இங்கே வந்து தினமும் குடிப்பதை நான் பார்க்கிறேன். அவர் யார் என்று சொல்ல மாட்டேன். கேட்டால் அவர் சொல்வது, "அங்கேதாண்ணே ஆள் இருக்கு."

திடலைப் பூட்டினால் அவர்கள் ரயில்வே லைன் ஓரம் போவார்கள். அங்கே விளக்கும் இல்லை.

எனவே தீர்மானத்தில் ஒரு திருத்தம் கேட்கிறேன். வேலிப் பணத்தை இப்போது செலவழிக்க வேண்டாம். திடலுக்கு இரண்டு எல்.இ.டி விளக்கு, பாட்டில் கொண்டுவரக் கூடாது என்று ஒரு பலகை. மீறினால் கேட்பது என் பொறுப்பு, முதலில் என்னைத்தான் நீங்கள் திட்டலாம். கூடவே, மாதம் ஒரு தடவை மட்டும் திறக்கும் நம் சங்க அறையை ஞாயிறு ஐந்து முதல் எட்டு வரை திறந்து வையுங்கள். நேற்று இதை வீட்டில் சொன்னபோது, "உட்கார இடம் உங்களுக்கு மட்டும்தானா, மில் வேனில் போய் வருகிறவர்களுக்கு இல்லையா?" என்று மனைவி கேட்டாள். நியாயம்தான். முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் பெண்களுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நாள் நாங்கள் விளக்கடியில் இருந்துகொள்கிறோம்.

மூன்று மாதம் பாருங்கள். சரிவரவில்லை என்றால் அடுத்த பொதுக்குழுவில் வேலிக்கு நானே கை தூக்குகிறேன். அறைச் சாவி செயலாளரிடம் இருக்கிறது. வரும் ஞாயிறு சுக்குமல்லிக் காப்பி என் வீட்டிலிருந்து வரும், முப்பது பேருக்கு. டம்ளர் மட்டும் அவரவர் கொண்டு வாருங்கள்.